கோடும் வட்டமும் கற்பித்த பிரீடல் அம்மையார்

ஓவிய வகுப்பு என்றதும் நம் மாணவியருள் பெரும்பாலோர் பூச்சாடியையும், இரு மலைகளுக்கு நடுவே எழும் சூரியனையும், பக்கத்தில் தென்னைமரம் நிற்கும் குடிசையையும் நினைத்துக்கொள்வார்கள். கவராயமும் மூலைமட்டமும் கணக்கு வகுப்புக்கு உரியவை. அவற்றுக்கும் அழகுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். வெறும் கோடு, வட்டம், சதுரம், முக்கோணம் இவற்றைக் கொண்டே ஓவியம் படைக்கலாம் என்று நம்பிய ஆசிரியை ஒருவர் இருந்தார். அதைப் பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள சிறுமியருக்கு அவர் கற்பித்தார். கற்பித்த இடமோ பசியும் நோயும் மரணமும் சூழ்ந்த ஒரு சிறை நகரம். அவர் பெயர் பிரீடல் டிக்கர் பிராண்டைஸ்.

1898-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில், ஓர் எளிய யூதக் குடும்பத்தில் பிரீடல் பிறந்தார். நான்கு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை சைமன் டிக்கர் எழுதுபொருள் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தவர். வருவாய் சொற்பம்தான். ஆனால் தாள், பென்சில், வண்ணம் ஆகியவற்றுக்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. தாயில்லாப் பெண்ணுக்கு அவையே விளையாட்டுப் பொருள்களாயின.

பதினான்கு வயதில் புகைப்படக் கலை பயிலச் சேர்ந்தார். பின்னர் கைவினைக் கலைப் பள்ளியில் துணி வடிவமைப்புப் பிரிவுக்கு மாறினார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் பிரான்ஸ் சிஷெக். அந்நாளில் குழந்தைகளின் ஓவியத்தைப் பெரியோர் ஓவியத்தின் குறைபட்ட நகல் என்றே உலகம் எண்ணியது. குழந்தை வரைவது தனக்கென விதிகள் கொண்ட தனிக் கலை என்றும், பெரியவர்கள் அதில் குறுக்கிடக் கூடாது என்றும் சொன்ன முன்னோடி சிஷெக். 1916-ஆம் ஆண்டில் பிரீடல் மற்றொரு ஆசிரியரை நாடிச் சென்றார். அவர் சுவிட்சர்லாந்து நாட்டவரான யோகன்னஸ் இட்டன். பிரீடலின் வாழ்வைத் திசைதிருப்பியவர் இவரே.

இட்டனின் வகுப்பு விசித்திரமானது. காலையில் மாணவர்கள் எழுந்து நின்று மூச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் செய்வார்கள். உடல் இறுகியிருந்தால் கை இறுகும், கை இறுகினால் கோடும் இறுகும் என்பது அவர் கொள்கை. பிறகு அவர் சொல்லும் தாளத்துக்கு ஏற்பக் கரியால் கோடு இழுப்பார்கள். அடுத்தது முரண்களைத் தேடும் பயிற்சி: ஒளியும் இருளும், பெரியதும் சிறியதும், வழுவழுப்பும் சொரசொரப்பும். எந்தப் பொருளையும் அதன் அடிப்படை வடிவங்களாகப் பிரித்துப் பார்க்கவும் அவர் பழக்கினார். கிடைக்கோடும் நிலைக்கோடும் சேர்ந்தது சதுரம், சாய்கோட்டின் இயல்பு கொண்டது முக்கோணம், வளைகோட்டின் இயல்பு கொண்டது வட்டம். பழைய மேதைகளின் ஓவியங்களையும் இந்தக் கண்ணால்தான் பார்க்க வைத்தார். யார் முகம், என்ன கதை என்பதெல்லாம் பிறகு. முதலில் எங்கே இருள், எங்கே ஒளி, எந்தச் சாய்வில் உருவங்கள் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும்!

1919-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வைமார் நகரில் கட்டிடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் 'பௌஹவுஸ்' என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். இட்டன் அங்கே ஆசிரியராகச் சென்றபோது வியன்னா மாணவர் சிலர் அவருடனேயே சென்றனர். பிரீடலும் அவர்களுள் ஒருவர். புகழ்பெற்ற ஓவியர் பால் கிளேயின் விரிவுரைகளையும் அங்கே கேட்டார். நெசவு, அச்சுக்கலை, புத்தகக் கட்டு, நாடக மேடை அமைப்பு என்று அவர் கை வைக்காத துறை இல்லை. (இட்டன், கிளே முதலிய அப்பள்ளி ஆசிரியர்களின் ஓவியங்கள் 1922-ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவுக்கே வந்து காட்சிக்கு வைக்கப்பட்டன என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.) பிரீடலின் திறமையைக் குரோப்பியஸ் பிற்காலத்தில் எழுத்து மூலம் மனமாரப் பாராட்டியிருக்கிறார்.

1923-க்குப் பின் அவர் நண்பர் பிரான்ஸ் சிங்கருடன் சேர்ந்து முதலில் பெர்லினிலும் பிறகு வியன்னாவிலும் வடிவமைப்புக் கூடம் நடத்தினார். மடக்கி வைக்கும் கட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் நாற்காலி, சிறு அறைக்கு ஏற்ற மேசை என்று அந்தக் கூடத்தின் தயாரிப்புகள் பெயர் பெற்றன. வியன்னா நகராட்சி கட்டிய கோதேஹாப் என்ற தொழிலாளர் குடியிருப்பில் 1930-களின் தொடக்கத்தில் ஒரு மாண்டிசோரி குழந்தைப் பள்ளியை இவர்கள் அமைத்தார்கள். வண்ணமும் வடிவமும் குழந்தையின் உயரத்துக்கு இறங்கிவந்த பள்ளி அது. பின்னாளில் அது அழிக்கப்பட்டுவிட்டது. குழந்தைப் பள்ளி ஆசிரியைகளுக்கு ஓவியம் கற்பிக்கும் பணி 1931-இல் அவரைத் தேடி வந்தது. அதுவரை பொருள்களை உருவாக்கி வந்தவர் அன்றுமுதல் ஆசிரியையானார்.

காலம் இருண்டுகொண்டு வந்தது. பிரீடல் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து, பாசிசத்தை எதிர்த்துப் படங்களை வெட்டி ஒட்டிச் சுவரொட்டிகள் செய்தார். 1934-இல் வியன்னாவில் நடந்த கலவரத்துக்குப் பின், போலிக் கடவுச்சீட்டு தொடர்பான குற்றச்சாட்டில் கைதாகிச் சிறை சென்றார். விடுதலையானதும் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராகுக்குக் குடிபெயர்ந்தார். விசாரணை அறையில் தாம் நின்ற காட்சியை அங்கே ஓவியமாக்கினார். அகதிகளின் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்தினார். வியன்னாவிலிருந்து அவரைப் பின்தொடர்ந்து வந்து உதவிய இளம் மாணவி எடித் கிராமர், பிற்காலத்தில் அமெரிக்கா சென்று, ஓவியத்தின் வழியே குழந்தைகளின் மனக்காயத்தை ஆற்றும் துறையின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

1936-இல் தம் உறவினர் பாவெல் பிராண்டைசை மணந்தார். தாயாகும் பேறு பிரீடலுக்குக் கிட்டவில்லை. 1938-இல் கணவருடன் ஹ்ரோனோவ் என்ற சிற்றூருக்குச் சென்று துணி ஆலையில் வேலை பார்த்தார். தப்பிச் செல்ல வழி இருக்கத்தான் செய்தது. பாலஸ்தீனம் செல்ல அவருக்கு அனுமதி கிடைத்தது, கணவருக்குக் கிடைக்கவில்லை. அவரை விட்டுச் செல்லப் பிரீடல் சம்மதிக்கவில்லை.

1939-இல் ஜெர்மானியப் படை நாட்டைக் கைப்பற்றியது. 1942-ஆம் ஆண்டு டிசம்பரில் கணவனும் மனைவியும் தெரேசினுக்கு அனுப்பப்பட்டனர்.

தெரேசின் பிராகுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோட்டை நகரம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டு, பேரரசி மரியா தெரேசாவின் பெயர் சூட்டப்பட்டது. சுமார் 7,000 பேர் வாழ்ந்த அந்த ஊரில், 1942-ஆம் ஆண்டு செப்டம்பரில் 58,000-க்கும் மேற்பட்டோரை நாஜிகள் அடைத்து வைத்திருந்தனர். மூன்றடுக்குப் பலகைக் கட்டில், மூட்டைப்பூச்சி, நீர்த்த சூப், தொற்று நோய் ஆகியவற்றுக்கு நடுவே அங்கேயே மடிந்தவர்கள் ஏறத்தாழ 33,000 பேர். இவை யாவற்றையும்விட அஞ்சப்பட்டது 'போக்குவரத்து' என்ற ஒரு சொல். அந்தப் பட்டியலில் பெயர் வந்தால் கிழக்கே செல்லும் ரயிலில் ஏற வேண்டும். போனவர்களிடமிருந்து பெரும்பாலும் தகவல் வராது.

ஒருவர் 50 கிலோ எடையுள்ள மூட்டை கொண்டுவரலாம் என்பது உத்தரவு. குளிர்நாட்டில், சிறைக்குப் போகும் பெண் எதை எடுத்துக்கொள்வாள்? கம்பளி, காலணி, உணவு என்போம். பிரீடல் தம் மூட்டையில் பெரும் பங்கைத் தாளுக்கும் வண்ணத்துக்கும் ஒதுக்கினார். படுக்கை விரிப்புகளுக்குக்கூடச் சாயம் ஏற்றி எடுத்துச் சென்றார். அங்குள்ள குழந்தைகள் நாடகம் போட்டால் திரையாகப் பயன்படுமே என்று!

முகாமில் யூதர்களின் நிர்வாகக் குழு, பெற்றோரிடமிருந்து பிரிந்து வாழ்ந்த பிள்ளைகளுக்குத் தனி இல்லங்கள் ஏற்படுத்தியிருந்தது. பெண்பிள்ளைகளின் இல்லத்துக்கு எல் 410 என்று பெயர். ஓர் அறைக்கு முப்பது பேர் வரை நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பிரீடலும் அக்கட்டிடத்திலேயே தங்கினார். முறையான பள்ளிக் கல்வியை நாஜிகள் தடை செய்திருந்தனர். பாட்டு, கைவேலை, ஓவியம் ஆகியவை மட்டும் தீங்கற்ற பொழுதுபோக்கு என்று விடப்பட்டன. கணக்கும் வரலாறும் ஒளித்துக் கற்பிக்கப்பட்டன. ஓவியம் மட்டும் வெளிப்படையாகவே நடந்தது. கோடும் வட்டமும் யாருக்கு என்ன செய்துவிடும் என்று காவலர்கள் எண்ணினார்கள் போலும்.

அந்த வகுப்பு எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெளியூரில் எங்கோ நடந்த துயரம் என்று அதை நாம் படித்து ஒதுக்கிவிடக் கூடாது. அதில் ஓவிய ஆசிரியைகளும் மாணவியரும் இன்றும் செய்து பார்க்கக்கூடியது நிறைய உண்டு.

தொடக்கத்தில் தாளப் பயிற்சி. பிரீடல் தட்டும் தாளத்துக்கு ஏற்பப் பென்சில் ஓட வேண்டும். பலமான அடிக்கு அழுத்தமான கோடு, மெல்லிய அடிக்கு மெல்லிய கோடு. பிறகு வளையங்கள், சுருள்கள், அலைகள், குறுக்கே வெட்டும் கோடுகள். இன்ன பொருளை வரைகிறோம் என்று எதுவும் இல்லை. ஆகவே சரி, தவறு என்ற பேச்சுக்கும் இடமில்லை. வரையத் தெரியாது என்று அஞ்சி ஒதுங்கும் பிள்ளையும் சுருள் போட அஞ்ச மாட்டாள் அல்லவா? நாள் முழுவதும் வரிசையில் நின்றும், அதட்டலுக்கு நடுங்கியும் இறுகிப்போன தோளும் விரலும் இந்தப் பயிற்சியில் நெகிழும். இட்டன் வைமாரில் இளைஞர்களுக்குச் செய்வித்ததையே அவர் மாணவி இங்கே சிறுமியருக்குச் செய்வித்தார். அங்கே அது கலைப் பயிற்சி, இங்கே மூச்சுவிடும் வழி.

அடுத்தது தாளை வெட்டியும் கிழித்தும் ஒட்டுவது. கொண்டுவந்த தாள் விரைவிலேயே தீர்ந்துபோயிற்று. பழைய அலுவலகப் படிவங்கள், கணக்கேட்டுப் பக்கங்கள், பொட்டலத் தாள் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார்கள். இங்கேதான் ஆசிரியையின் மேதைமை தெரிகிறது. படிவத்தில் அச்சிட்டிருந்த கட்டங்களையும் பத்திகளையும் அவர் குறையாகக் கருதவில்லை. கோடு போட்ட தாளைக் குறுக்காக வெட்டி ஒட்டினால் அது வயலாகும், நெடுக்காக ஒட்டினால் வேலியாகும். வெறும் பழுப்புத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தால் கோடுள்ள தாள் மின்னும். இருண்ட சதுரத்தின்மேல் வெளிறிய வட்டம் எங்கே நின்றால் அமைதி, எங்கே நின்றால் விழப்போவது போன்ற பதைப்பு என்று பிள்ளைகள் தாங்களே தாளை நகர்த்தி நகர்த்திக் கண்டுகொண்டார்கள். பழைய மேதைகளின் ஓவிய நகல்களை வைத்து, அவற்றிலுள்ள பெரிய வடிவங்களையும் ஒளி இருளையும் மட்டும் தாள் துண்டுகளால் அமைக்கும் பயிற்சியும் உண்டு. அப்படிச் செய்த படங்களில் முகத்துக்குக் கண்ணும் மூக்கும் இராது. ஆயினும் பார்த்தவுடன் மனித உருவம் என்று தெரியும்.

வண்ணப் பென்சில்கள் சிலவே இருந்தன. அவற்றைப் பிள்ளைகள் தமக்குள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். ஒருத்திக்குச் சிவப்பு தேவைப்படும் நேரத்தில் மற்றவள் கையில் அது இருக்கும். காத்திருக்க வேண்டும், அல்லது இருக்கும் நிறத்திலேயே வழி தேட வேண்டும். இப்படிப் பழகிய பின்னரே அவர்கள் பிரிந்து வந்த வீட்டையும், புல்வெளியையும், தாம் படுத்த பலகைக் கட்டிலையும் வரைந்தார்கள். அந்தப் படங்களிலும் அடியில் வடிவங்களின் கட்டுக்கோப்பு இருப்பதைக் காணலாம்.

1943-இல் முகாமில் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி ஒன்றை அவர் நடத்தினார். உடனிருந்த ஆசிரியர்களுக்குக் குழந்தை ஓவியம் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். எல்லாக் குழந்தைகளையும் ஓவியர்களாக்குவது தம் நோக்கமன்று என்று அதில் தெளிவாக்கினார். தானே கண்டு, தானே தேர்ந்து, தானே முடிவு செய்யும் ஆற்றலை எழுப்புவதே அவர் நோக்கம். அழகு என்று பெரியவர்கள் எதைக் கொண்டாடுகிறார்களோ அதைக் குழந்தையின்மீது அவசரமாகத் திணித்தால், அதன் சொந்த உலகத்துக்கான வாயிலை நாமே அடைத்துவிடுகிறோம் என்று எச்சரித்தார். மதிப்பெண்ணுக்காகப் பிள்ளையின் படத்தைத் தாமே முடித்துக்கொடுக்கும் பெற்றோர் நம்மிடையிலும் உண்டு. அந்தச் சொற்பொழிவை அவர்கள் கேட்டிருந்தால் நன்று.

இன்னொன்றையும் பிரீடல் விடாப்பிடியாகக் கடைப்பிடித்தார். முடிந்த ஓவியம் ஒவ்வொன்றிலும் அதை வரைந்த பிள்ளையின் பெயரை எழுதச் செய்தார். வயதும் தங்கிய இல்லமும் குறிக்கப்பட்ட தாள்களும் பல. முகாமில் மனிதர்களுக்கு எண் இருந்தது. ஓவிய வகுப்பில் பெயர் இருந்தது. படங்களை அவர் சேர்த்துப் பாதுகாத்தார். குழந்தைகளின் மனத்தைத் தேற்றுவதில் ஓவியத்தின் பங்கு பற்றிப் போருக்குப் பின் ஆராய்ந்து எழுத வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது.

அவருடைய வகுப்பில் அமர்ந்திருந்த எர்னா என்ற பெண் உயிர் பிழைத்து, எர்னா பர்மன் என்ற பெயரில் அமெரிக்காவில் குழந்தைகளின் உளநல அறிஞராக விளங்கினார். தம் வாழ்வின் இனிய நினைவுகளுள் பிரீடலோடு வரைந்த நேரமும் ஒன்று என்று அவர் முதிய வயதில் எழுதியிருக்கிறார். தெரேசினில் கழிந்த நாள்களைப் பற்றி ஒருவர் இப்படி எழுதுவது எளிதா?

1944-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் பாவெலின் பெயர் பட்டியலில் வந்தது. அவர் ரயிலேற்றப்பட்டார். பிரீடலின் பெயர் பட்டியலில் இல்லை. கணவரைச் சேர வேண்டும் என்று அடுத்து வந்த ஒரு போக்குவரத்துக்குத் தம் பெயரைத் தாமே கொடுத்தார். புறப்படுமுன் ஒரு வேலை பாக்கியிருந்தது. பிள்ளைகள் வரைந்த ஓவியங்களை, ராயா எங்லெண்டரோவா என்ற மாணவியின் துணையோடு இரண்டு பெட்டிகளில் அடுக்கி, இல்லத்தின் மேல்மாடத்தில் மறைத்து வைத்தார். அவருடைய மாணவியர் பலரும் அந்த மாதத்து ரயில்களிலேயே ஏற்றப்பட்டனர்.

அக்டோபர் 6-ஆம் நாள் ரயில் புறப்பட்டது. 9-ஆம் நாள் ஆஷ்விட்ஸ் பிர்கெனாவ் முகாமின் நச்சுவாயு அறையில் பிரீடல் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 46. அவர் யாரைத் தேடிச் சென்றாரோ அந்தப் பாவெல் வேறு முகாமுக்கு அனுப்பப்பட்டு, போர் முடியும்வரை உயிரோடிருந்து மீண்டார்!

1945-ஆம் ஆண்டு மே மாதம் தெரேசின் விடுதலை பெற்றது. பெண்பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பிலிருந்த வில்லி குரோக் என்பவர் அந்த இரண்டு பெட்டிகளையும் பிராகுக்குக் கொண்டுவந்து யூத சமூகத்தாரிடம் ஒப்படைத்தார். உள்ளே சுமார் 4,500 ஓவியங்கள் இருந்தன. தொடக்கத்தில் அவற்றின் அருமை எவருக்கும் விளங்கவில்லை. பல ஆண்டுகள் அலமாரியிலேயே கிடந்தன. இப்போது அவை பிராகிலுள்ள யூத அருங்காட்சியகத்தின் உடைமை. சிலவற்றைப் பிங்காஸ் தொழுகைக்கூடத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

அவற்றில் பட்டாம்பூச்சிகளும் வீடுகளும் உலகப் புகழ் பெற்றுவிட்டன. வெறும் சுருள்களும் வளையங்களும் நிறைந்த பயிற்சித் தாள்களும், படிவத் துண்டுகளால் ஒட்டிய சதுரங்களும் வட்டங்களும் அதே பெட்டிகளில் இருந்தவையே. தாளின் மூலையில் பென்சிலால் எழுதிய பெயரைக் கொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த நாளையும் அனுப்பப்பட்ட ரயிலையும் முகாம் ஏடுகளில் தேடிக் கண்டுபிடித்தார்கள் அருங்காட்சியகத்தார். பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே 1944 என்ற ஆண்டே இருக்கிறது.